மஞ்சளான இலைக்கெல்லாம் யூரியாவா? நுண்ணூட்டத்துல தவிர்க்க வேண்டிய தப்புங்க

நம்ம ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கம் செடி கொஞ்சம் மஞ்சளிச்சா போதும், ரெண்டு கை யூரியா வீசிட்டுத்தான் மறுவேலை. எந்த இலை மொதல்ல மஞ்சளாச்சுன்னு யாரும் பாக்கறதில்லைங்க. அடி இலைல ஆரம்பிச்சு மேல ஏறினா தழைச்சத்து பத்தல, ஏன்னா செடி அதை பழைய இலைல இருந்து உருவி குருத்துக்கு அனுப்பிக்கும். இரும்பு அப்படி நகராது, அதனால குருத்து இலைதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அதுக்குப் போயி மூட்டை மூட்டையா யூரியா எதுக்கு?

சரி இரும்புதான்னு தெரிஞ்சதும் அன்னபேதிய (இரும்பு சல்பேட்) மண்ணுல கொட்டறாங்க, அதுவும் வீண். செம்மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதான், சத்து இருக்குது, வேரால எடுக்க முடியல, அவ்வளவுதான். சுண்ணாம்பு எச்சா இருக்கற காட்டுல பிஎச் (மண்ணோட கார அமில அளவு) 8-ஐத் தாண்டிரும், அப்ப இரும்பும் ஜிங்கும் (துத்தநாகம்) கரையாம கட்டிக்கும், போர் தண்ணில பைகார்பனேட் இருந்து மஞ்சள் பயிர் வெச்ச காட்டுல தண்ணி தேங்கவும் தேங்கினா இன்னும் மோசம். போடற அன்னபேதியும் அங்கயே கட்டிக்கும். இலை மேல அடிங்க: 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, 100 கிராம் யூரியா (இந்த யூரியா இலைக்குள்ள சத்து இறங்கறதுக்கு), வெயில் தாழ்ந்தப்பறம். மண்ணுக்கு செலேட் (இரும்பு மண்ணுல கட்டிக்காம பிடிச்சு வெச்சிருக்கற மருந்து) வாங்கறதா இருந்தா லேபிள படிச்சு வாங்குங்க, ஈடிடிஏ (EDTA) இரும்பு இந்த மண்ணுல நிக்காது, ஈடிடிஹெச்ஏதான் (EDDHA) தாங்கும், வெல எச்சுதான்.

ஜிங்க் சல்பேட்ட டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி மணிச்சத்து உரத்தோட ஒண்ணா கலந்து போடாதீங்க. மணிச்சத்தும் ஜிங்கும் சேந்து கரையாத உப்பாயிரும், ரெண்டு காசும் போச்சு. ஏக்கருக்கு 10 கிலோவ மணலோடவோ தொழுவுரத்தோடவோ தனியா தூவுங்க.

வறட்சிக்கு மைக்ரோ (நுண்ணூட்டக் கலவை) அடிச்சா போதும்னு கடைல சொல்றத நம்பி தண்ணிய நிறுத்தாதீங்க. தண்ணி பத்தாத காச்சல்லயும் கடும் வெயில்லயும் இலைக்குள்ள உண்டாகற கெட்ட ஆக்சிஜன அடக்கற நொதிகளுக்கு ஜிங்க், மாங்கனீஸ், தாமிரம் எல்லாம் வேணும்ங்கறது நெசம், பத்தாத செடி சீக்கிரம் கருகும். ஆனா அது தண்ணிக்கு ஈடில்லைங்க, வாடி நிக்கற செடி மேல மத்தியானத்துல அடிச்சா இலைதான் வேகும்.

எனக்கு நெம்ப பயம் போரான்லதான். பொள்ளாச்சி பக்கம் தென்னைல குருத்து விரியாம சிக்கிச்சுன்னா போராக்ஸ் (போரான் உப்பு) தேவைதான், ஆனா மரத்துக்கு 50 கிராம்ங்கற எடத்துல கண்ணளவுக்கு ரெண்டு கை அள்ளிப் போடறாங்க. பத்தாததுக்கும் வெஷமாகறதுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி, எச்சானா இலை நுனியும் ஓரமும் கருகிரும். போட்டதை திருப்பி எடுக்கவும் முடியாது, தராசு வெச்சு நிறுத்துப் போடுங்க.