ஐபி ரேடியோவில் மோட்பஸ் மீட்டரை இணைக்கும்போது

தொலைவில் இருக்கும் பம்ப் ஹவுஸ் மீட்டரை ஐபி ரேடியோவில் (நெட்வொர்க் டேட்டாவைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி) இணைத்ததும் பிங் (இணைப்புச் சோதனை) நன்றாகவே போகும், ஆனால் ஸ்காடாவில் (கண்காணிப்பு மென்பொருள்) டைம்அவுட், அதாவது பதில் நேரத்துக்குள் வரவில்லை என்ற பிழை, வந்துகொண்டே இருக்கும். கேபிளைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். மீட்டர் சீரியல் கம்பியில் பேசும் மோட்பஸ் ஆர்டியு முறையில் 3.5 எழுத்து அனுப்பும் நேரம் இடைவெளி விழுந்தாலே ஒரு செய்தி முடிந்ததாகக் கணக்கு. 9600 பாட் வேகத்தில் அது வெறும் 4 மில்லி விநாடிதான், அதனால் ரேடியோ ஒரே செய்தியை இரண்டு பாக்கெட்டாக உடைத்து, இரண்டாவது கொஞ்சம் பிந்தினாலும் மீட்டர் இரண்டையுமே தள்ளிவிடும். ரேடியோவின் சீரியல் போர்ட்டில் மோட்பஸ் கேட்வே மோடு இருந்தால் கட்டாயம் அதையே போடுங்கள், செய்தி முழுசாகச் சேர்ந்த பிறகுதான் மீட்டருக்குப் போகும், ஸ்காடா பக்கம் 502 போர்ட்டில் மோட்பஸ் டிசிபி (நெட்வொர்க்கில் போகும் மோட்பஸ்). அப்புறம், கேபிளுக்கு வைத்திருந்த டைம்அவுட்டை அப்படியே விடாமல் 2 விநாடியில் ஆரம்பித்துப் பாருங்கள்.