நார்தம்பிரியன் ஸ்மால்பைப்: எத்தனை கீ உள்ள சாண்டர் வாங்கலாம்?

பேக்பைப் என்றதும் ராணுவ அணிவகுப்பில் காதைப் பிளக்கும் ஸ்காட்லாந்து வாத்தியம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நார்தம்பர்லாந்தின் ஸ்மால்பைப் வேறு ரகம். வாயால் ஊத வேண்டாம். ஒரு கையிடுக்கில் துருத்தி, மறு கையிடுக்கில் பை. வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குத்தான் சத்தம். மெட்டு வாசிக்கும் குழலுக்குப் பெயர் சாண்டர். விரல் நேரடியாக எட்டாத துளைகளைத் திறக்க அதில் பொருத்தும் உலோக நெம்புகள்தான் கீ.

முதலில் விரல் கணக்கு. குழலின் அடி மூடியிருப்பதால் எட்டுத் துளையையும் அடைத்தால் சத்தமே வராது. ஒரு சுரத்துக்கு ஒரு விரலை மட்டும் தூக்க வேண்டும். மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், வலது சுண்டுவிரலைத் தூக்கினால் கீழ் ஜி, மோதிரவிரலுக்கு ஏ, இப்படியே ஏறி இடது கட்டைவிரலில் மேல் ஜி. மிச்சமிருப்பது வலது கட்டைவிரலும் இடது சுண்டுவிரலும்தான். அத்தனை கீயையும் இந்த இரண்டு விரல்களே சமாளிக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் வாசிக்க ஆசைப்படும் மெட்டுகளை எடுத்து, எதுவரை இறங்குகின்றன, எதுவரை ஏறுகின்றன என்று குறியுங்கள். ஜி முதல் ஜி வரை அடங்கினால் கீ இல்லாத சாண்டரே போதும். பழைய நார்தம்பிரிய மெட்டுகள் பல அதற்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் 7 கீ: கீழே டி, இ, எஃப் ஷார்ப் (ஷார்ப் என்றால் அரை சுரம் மேலே), மேலே ஏ, பி, நடுவில் சி ஷார்ப், டி ஷார்ப். பிடில்காரர்களின் ஜி மேஜர், டி மேஜர் மெட்டுகள் பெரும்பாலும் இதில் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு ஸ்தாயிக்கு மேல் வேண்டுமென்றால் 17 கீ. பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு கீக்கும் அடியில் துளையை மூடும் ஒரு பேட் (சிறு மெத்தை), ஒவ்வொரு பேடும் காற்று கசியக்கூடிய இடம்.

பழைய சாண்டர் வாங்கினால் துளைகளையெல்லாம் அடைத்துப் பையை அழுத்துங்கள். கீச்சொலியோ காற்றுச் சீறலோ கேட்டால், ஒவ்வொரு பேடுக்கும் கீழே மெல்லிய தாள் துண்டை வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். தாள் பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் கசிவு.

கடைசியாகச் சுருதி. விரல் வைப்பில் ஜி என்று சொன்னாலும், வழக்கமான சாண்டர் ஒலிப்பது 4 கட்டைக்கு (எஃப்) சற்று மேலே. தனியாக வாசிக்க அது போதும். பிடில், கிட்டாரோடு சேர்வதென்றால் 5 கட்டை (ஜி) சாண்டர் கேளுங்கள். அது குட்டையானது, துளைகளும் நெருக்கம். விரல் தடிமனானவர்கள் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.