விபி6 பில்லிங் மென்பொருளை டாட்நெட்டுக்கு மாற்றுவது எப்படி?

விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல், அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் எழுதியதை ஓட்டும் ரன்டைம் விண்டோஸோடு சேர்ந்தே வருவதால் பழைய பில்லிங் மென்பொருள்கள் இன்றும் ஓடுகின்றன. அதனால் அவசரப்படாமல், டாட்நெட்டின் மொழியான சி ஷார்ப்புக்கு நிதானமாகவே மாற்றலாம்.

முதலில், கையில் இருக்கும் சோர்ஸ் கோடு கம்பைல் ஆகிறதா, கடையில் ஓடும் எக்ஸி (நிரல் கோப்பு) அதிலிருந்து வந்ததுதானா என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டும் வேறுவேறாக இருக்கும்.

அடுத்து, ஒரு வரி கோடு எழுதும் முன்பே, பழைய மென்பொருளில் தள்ளுபடி பில், ரிட்டர்ன் பில், மாதக் கடைசி அறிக்கை என எல்லா வகையிலும் கொஞ்சம் எடுத்துச் சேமியுங்கள். புதியது சரியா தவறா என்று இவைதான் சொல்லும், வேறு யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் கணக்குப் போடும் பகுதியை மட்டும் மாற்றுங்கள், திரைகள் பிறகு வரட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். விபி6-ன் முழு எண் வகையான இன்டிஜர் 16 பிட், அதன் 32 பிட் லாங்தான் சி ஷார்ப்பின் இன்ட். விபி6-ல் பணத்துக்கான கரன்சி வகைக்கு சி ஷார்ப்பில் டெசிமல் வகையைப் போட வேண்டும், ஆனால் கரன்சி நான்கு தசம இடத்தோடு நின்றுவிடும், டெசிமல் நிற்காது. 3 உருப்படி கொண்ட பெட்டி 100 ரூபாய் என்றால் ஒன்றின் விலை கரன்சியில் 33.3333, அதை 300-ஆல் பெருக்கினால் 9999.99. டெசிமலில் அதே கணக்கு இரண்டு இடத்துக்கு முழுமையாக்கினால் 10000.00 வரும். ஒரு பைசாதான், ஆனால் பழைய பில்லோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டுமென்றால் விலையை முதலிலேயே நான்கு இடத்துக்கு ரவுண்ட் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் பழைய எம்டிபி (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்) கோப்பாக இருந்து, ஜெட் டிரைவர் வழியாகவே படிக்கிறீர்கள் என்றால், அந்த டிரைவர் 32 பிட்டில் மட்டுமே உண்டு, அதனால் புராஜெக்டை எக்ஸ்86-க்கு, அதாவது 32 பிட்டுக்கு, வையுங்கள். வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுவதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், கோடு மாற்றத்தோடு கலந்தால் பிழை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

கடைசியாக, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி, ஒரு மாதக் கணக்கு முடிப்பு பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்துங்கள். நிறுத்தினாலும் அதன் எக்ஸி, சோர்ஸ், டேட்டா மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள், ஆடிட்டர் எப்போது வேண்டுமானாலும் பழைய வருஷத்து பில்லைக் கேட்பார்.