ட்ரங்க் கேபிள் மேல் பழி போடும் முன்

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு கட்டிடம். கீழ்த்தளத்தில் ரூட்டர், ஐந்தாம் மாடியில் ஸ்விட்ச், நடுவே 12 இழை எம்பிஓ ட்ரங்க், அதாவது பன்னிரண்டு கண்ணாடி இழையும் ஒரே கனெக்டரில் முடியும் ஃபைபர் கேபிள். வேலைக்குப் புதுசாக வந்த தம்பி போன் போட்டார்: "லிங்க்கே வரலீங்ணா. ட்ரங்க் போயிருச்சாட்ட இருக்குதுங்." பல வருசத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். கேபிளை ஒடித்து மடக்காதீர்கள், மூடியைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

போலாரிட்டி பார்க்காமல் ட்ரங்கை உருவுவது

ரூட்டரிலும் ஸ்விட்சிலும் சொருகும் 40ஜி எஸ்ஆர்4 ஒளி மாட்யூலுக்கு 12 இழையில் எட்டுதான் வேலை. 1 முதல் 4 வரை அனுப்பும், 9 முதல் 12 வரை வாங்கும். நடுவில் உள்ள நான்கும் சும்மா கிடக்கும். அப்படியானால் இந்தப் பக்கத்து 1, அந்தப் பக்கத்து 12இல் போய்ச் சேர வேண்டும். இந்தப் பொருத்தம்தான் போலாரிட்டி. டைப் பி கேபிள் அப்படித் திருப்பித் தரும். டைப் ஏ நேராகக் கொண்டுபோகும்.

ரூட்டர் பக்கத்து பேட்ச் கார்டு (கருவியைப் பேனலோடு இணைக்கும் குட்டிக் கேபிள்), ட்ரங்க், ஸ்விட்ச் பக்கத்து பேட்ச் கார்டு என்று மூன்றையும் எண்ணுங்கள். கார்டும் ட்ரங்கும் சந்திக்கும் இரண்டு பேனலிலும் கப்ளர் (இரு கனெக்டரை எதிரெதிரே சேர்க்கும் துண்டு) ஒரே வகை என்றால், இந்த மூன்றில் டைப் பி ஒன்று இருக்கணும், இல்லாவிட்டால் மூன்றுமே டைப் பியாக இருக்கணும். இரண்டு இருந்தால் முதலாவது திருப்பியதை அடுத்தது பழையபடி நேராக்கிவிடும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் எனக்கு இதுதான் நடந்தது. ட்ரங்க் டைப் ஏ, கார்டு இரண்டும் டைப் பி. மாட்யூலை மாற்றினோம், கான்ஃபிகை அழித்து எழுதினோம், பொழுது விடிந்துவிட்டது. கடைசியில் ட்ரங்கைக் குற்றம் சொல்லி, 90 மீட்டருக்குப் புதுசு வாங்க வைத்தவன் நான். கனெக்டரோடு அளவெடுத்துச் செய்து வரும் சரக்கு அது. இடத்தில் வெட்டி ஒட்டுவது சுலபமில்லை. மூன்று வாரம் காத்திருந்து, நல்ல கேபிளை உருவி எறிந்தோம். ஒரு பக்கம் 3 மீட்டர் டைப் ஏ கார்டு போட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரியே வேலை முடிந்திருக்கும். மில்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இரண்டு முனையிலும் டிஎக்ஸ் (அனுப்பும் ஒளி) பவர் சரியாக இருந்து, ஆர்எக்ஸ் (வாங்கும் ஒளி) மட்டும் நாலு லேனிலும், அதாவது நாலு இழைத் தடத்திலும், செத்துக் கிடந்தால் முதலில் போலாரிட்டியைச் சந்தேகப்படுங்கள். இழை இழையாகச் சிவப்பு லைட் அடித்துப் பார்த்தால் 1இல் விட்டது எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். கனெக்டருக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள்.

சரவணம்பட்டித் தம்பி ஒரு கார்டை மாற்றினார். லிங்க் வந்தது.

பின்

மாட்யூலின் எம்பிஓ வாயில் இழைகளை நேராகப் பொருத்தும் பின் (சின்ன ஊசி) உண்டு. அதில் சொருகும் கார்டில் இருக்கக் கூடாது.

பஞ்சு

திருப்பூர், பல்லடம் பக்கம் மில்லுக்குள் ரேக் வைத்தால் பஞ்சுத்தூசி சர்வர் ரூம் வரைக்கும் வரும். எஸ்ஆர்4க்குப் போடும் மல்டிமோடு இழையின் கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி) 50 மைக்ரான்தான். ஒளியை மறைக்க ஒரு பிசிறு போதும். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த முனையையும் எம்பிஓ கிளீனரால் துடைத்துவிட்டுச் சொருகுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும்.

தூரம்

எஸ்ஆர்4க்கு ஓஎம்3 வகை இழையில் 100 மீட்டர், ஓஎம்4 வகையில் 150. கார்டின் நீளமும் இதில் சேர்த்தி.

லேபிள்

டைப் ஏயா பியா என்று இரண்டு பேனலிலும் எழுதி ஒட்டுங்கள்.