குழந்தையோட தெப்பக்காடு யானை முகாம் போறது எப்படி? (சாப்பாட்டு நேரத்தை மிஸ் பண்ணாம)

யானையைப் பார்க்கணும்னா கோயில் வாசல்லயே பார்த்துடலாம், காசு குடுத்தா ஆசீர்வாதமும் கிடைக்கும். ஆனா அந்த யானை என்ன சாப்பிடும், யார் சமைப்பா, ராத்திரி எங்க தூங்கும்னு எங்க வீட்டு குட்டி கேக்க ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா. அதுக்கெல்லாம் நேர்ல பதில் கிடைக்கிற இடம் முதுமலை தெப்பக்காடு. 1917லேருந்து நடக்கிற முகாம், மாயாறு பக்கத்துல. நாங்க போயிட்டு வந்ததுலேருந்து எப்படிப் போறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

ஸ்டெப் 1: ஈ-பாஸ்

நீலகிரிக்கு வெளியூர் வண்டின்னா 2024 மே மாசத்துலேருந்து ஈ-பாஸ் வேணும். ஆன்லைன்ல எடுக்கறதுதான், அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு லிமிட் வைக்கறாங்க, அதனால ஏப்ரல், மே, ஜூன்ல போறவங்க தேதி முடிவானதுமே எடுத்துடுங்க. கவர்மென்ட் பஸ்ல போனா இந்தத் தலைவலியே இல்ல.

ஸ்டெப் 2: ரூட், இதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க

மேப்ல ஊட்டி டு தெப்பக்காடு போட்டா கல்லட்டி வழியா ரொம்ப கிட்டக்கனு காட்டும். நம்பாதீங்க. அந்த ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் செம ஸ்டீப், 2018ல ஒரு பெரிய ஆக்சிடென்ட் ஆனதுக்கப்புறம் வெளியூர் டூரிஸ்ட் வண்டிகளை அந்த வழியா கீழ இறங்க விடறதில்ல. டிஎன் 43 வண்டின்னா (நீலகிரி ரெஜிஸ்ட்ரேஷன்) போகலாம், மத்தவங்களை செக்போஸ்ட்லயே திருப்பி விட்டுடுவாங்க. அப்புறம் கூடலூர் சுத்திட்டுத்தான் வரணும், அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம், அதுக்குள்ள முகாம்ல காலை சாப்பாடு முடிஞ்சு யானைங்க கிளம்பிப் போயிருக்கும், பின் சீட்ல குழந்தை அழும். தேவையா?

அதனால என் சாய்ஸ்: முந்தின நாளே கூடலூர் வழியா இறங்கி மசினகுடில ராத்திரி தங்கிடுங்க. காலைல அங்கேருந்து தெப்பக்காடு பக்கம்தான். திரும்பும்போது வேணும்னா கல்லட்டி வழியா ஏறிக்கலாம், ஏறறதுக்குத் தடை இல்ல. மைசூர் பக்கத்துலேருந்து வர்றவங்க பந்திப்பூர் ரோடு ராத்திரி 9லேருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும்னு ஞாபகம் வச்சுக்கங்க.

வாந்தி பார்ட்டி குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கிட்டுப் போங்க. மலைல பிளாஸ்டிக் தடை, சோ பாலிதீன் கவர் கிடையாது, பேப்பர் கவர்ல பழைய நியூஸ்பேப்பரை மடிச்சுப் போட்டு நாலஞ்சு கையோட வச்சுக்கங்க. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில்.

ஸ்டெப் 3: அந்த அரை மணி நேரம்

சாப்பாடு காலைல எட்டரை ஒன்பது வாக்குல, சாயங்காலம் அஞ்சரை ஆறு வாக்குல. நேரம் சில சமயம் மாறும், அதனால முந்தின நாளே தெப்பக்காடு ரிசப்ஷன்ல கேட்டு வச்சுக்கங்க, டிக்கெட்டும் அங்கதான். காலையா சாயங்காலமான்னா நான் காலைதான் சொல்லுவேன். சாயங்காலம்னா குழந்தை டயர்டா இருக்கும், முடியறதுக்குள்ள இருட்ட ஆரம்பிச்சுடும். கொஞ்சம் முன்னாடியே போனா ஆத்துல குளிச்சுட்டு ஈரத்தோட வர்ற யானைங்களையும் பார்க்கலாம்.

யானை மேல ஏத்தி ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்க, நாம கையால ஊட்டலாம்னு குழந்தைகிட்ட ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போகாதீங்க. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கறதுதான்.

ஆனா பார்க்கறதுக்கு நிறைய இருக்கு. கேழ்வரகுக் களி, வெந்த கொள்ளு, சோறு எல்லாம் கட்டி கட்டியா மேடைல வெட்டி அடுக்கி வச்சிருப்பாங்க. அதோட வெல்லம், உப்பு, தேங்காய், தாதுச்சத்துப் பவுடர் எல்லாம் சேர்த்துப் பிசைவாங்க. எந்த யானைக்கு எவ்வளவுன்னு வயசு, எடை, உடம்பு நிலைமை பார்த்து டாக்டர் முடிவு பண்றது. சுகர் பேஷன்ட் மாதிரி ஆளுக்கொரு டயட் சார்ட். பாகனும் அவருக்கு உதவியா இருக்கிற காவடியும் அதைப் பெரிய பெரிய உருண்டையா உருட்டிக் குடுப்பாங்க, யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறந்து நிக்கும், நேரா வாய்க்குள்ள வச்சுடுவாங்க. கொள்ளு வேகற வாசனை, களி பிசையற சத்தம். எங்க வீட்டு குட்டி கொஞ்ச நேரம் வாயைத் திறந்துட்டே பார்த்துட்டு, "அம்மா, அவ்ளோ பெரிசா இருக்கு, அதுக்குமா ஊட்டி விடறாங்க?"ன்னா. அன்னிலேருந்து அவளே சாப்பிடுவான்னு பார்த்தேன், ம்ஹூம்.

ஸ்டெப் 4: குழந்தைக்கு ஒரு வேலை குடுங்க

சும்மா பாருன்னா பத்து நிமிஷத்துல போன் கேப்பாங்க. நகத்தை எண்ணச் சொல்லுங்க. பொதுவா முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு, ஆக 18. சில யானைக்கு 20 இருக்கும், அதைக் கண்டுபிடிச்சா ஐஸ்க்ரீம்னு சொல்லிடுங்க. பெரிய பசங்கன்னா மக்னா இருக்கான்னு தேடச் சொல்லலாம், அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை. கும்கி எதுன்னும் கேக்கலாம், ஊருக்குள்ள வர்ற காட்டு யானையை விரட்டப் போறது அதுங்கதான். ரகு, பொம்மின்னு தாயைப் பிரிஞ்சு இங்க வந்து வளர்ந்த குட்டிங்க கதையை முந்தின நாள் ராத்திரியே சொல்லி வச்சா இன்னும் ஆர்வமா பார்ப்பாங்க.

பாகன் அண்ணன்கள் வேலையா இருக்கும்போது தொந்தரவு பண்ணாதீங்க, முடிஞ்சதும் கேளுங்க. நிறைய பேர் அங்கேயே இருக்கிற பழங்குடிக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையா இதே வேலை. ராத்திரி எங்க தூங்கும்ங்கிற கேள்விக்கு எங்களுக்கு அப்படித்தான் பதில் கிடைச்சது: சாயங்காலம் சாப்பிட்டதும் கால்ல சங்கிலியோட காட்டுல மேய விட்டுடுவாங்களாம், காலைல மண்ணுல அந்தச் சங்கிலி இழுத்த தடத்தைப் பார்த்துப் போய்க் கூட்டிட்டு வருவாங்களாம்.

அப்டேட் 1: குழந்தை பயந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. முன் வரிசைக்கு இழுத்துட்டுப் போகாதீங்க, பின்னாடி தூக்கி வச்சுட்டு நில்லுங்க, பிளிறல் சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லி வைங்க. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கைல பிஸ்கட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிட்டு ஓடிடும், அந்த அழுகையை நிறுத்தறதுக்குள்ள அரை மணி நேரம் போயிடும்.

அப்டேட் 2: கோடைல காட்டுத்தீ பயம், பெரிய மழைன்னா சில நாள் மூடிடுவாங்க. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுடுங்க. பொள்ளாச்சி பக்கத்து ஆளுங்க டாப்ஸ்லிப் போனா அங்கேருந்து கோழிகமுத்தி யானை முகாமுக்கு வனத்துறை வண்டிலேயே கூட்டிட்டுப் போவாங்க, சொந்த வண்டி விடறதில்ல.