‘பிக் அப்’: ‘அப்’பை எங்கே வைப்பது, எப்போது விடக்கூடாது

சென்னையில் ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் ‘பிக்கப்’ என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார். ஏர்போர்ட்டில் பிக்கப் இருக்கிறது, வண்டியில் பிக்கப் இல்லை, படம் இடைவேளைக்குப் பிறகு பிக்கப் ஆகிறது. இவ்வளவு பழகிய சொல்லை ஆங்கில வாக்கியத்தில் எழுத நேரும்போது மட்டும் பலர் ‘அப்’பை விழுங்கிவிடுகிறார்கள், அல்லது இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். பொருள்களைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்துகொள்வது நல்லது.

‘பிக்’ தனியாக நின்றால் தேர்ந்தெடுப்பது அல்லது பூ, பழம் போன்றவற்றைப் பறிப்பது என்றே பெரும்பாலும் பொருள்படும். ஆகவே ‘பிக் மீ ஃப்ரம் எழும்பூர்’ என்று அனுப்பும் செய்தி, எழும்பூருக்கு வந்து அழைத்துச் செல்லும்படி கேட்பதாக நம் ஊர் நண்பருக்குப் புரிந்தாலும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நெருடும். ‘பிக் மீ அப் ஃப்ரம் எழும்பூர்’ என்பதே சரி. போனை எடுக்காதவரைப் பற்றிச் சொல்லும் ‘ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்’ என்ற வாக்கியத்திலும் இதே குறைதான். ‘ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்’ என்று சொன்னாலே போதும், ‘கால்’ என்ற சொல்கூட வேண்டியதில்லை.

அடுத்தது இடம். பெயர்ச்சொல் வந்தால் ‘பிக் அப் தி பார்சல்’, ‘பிக் தி பார்சல் அப்’ இரண்டும் சரி. அதற்குப் பதிலாக இட், தெம், மீ, ஹெர் போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’ என்பது எந்த நிலையிலும் தவறு. ‘மதுரையிலிருந்து நேற்று வந்த பார்சல்’ என்பதுபோல் பெயர்ச்சொல் தொடர் நீண்டுவிட்டால், ‘அப்’பை முன்னால் வைத்துவிட்டு முழுத் தொடரையும் பின்னால் எழுதுவதே படிக்க இதமாக இருக்கும்.

இனி பொருள்கள். தரையில் விழுந்ததை எடுப்பது, ஆளை அழைத்து வருவது, கடையில் தயாராக இருப்பதை வாங்கி வருவது ஆகியவை ஒரே குடும்பம் என்பதால் விளக்கம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது, வகுப்புக்குப் போகாமல் காதால் கேட்டே ஒன்றைக் கற்றுக்கொள்வது என்ற பொருளை. சௌகார்பேட்டைக் கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசியே தமிழ் பழகிய வட இந்திய வியாபாரியைப் பற்றி ‘ஹீ பிக்ட் அப் தமிழ் அட் தி ஷாப்’ என்று எழுதலாம். டியூஷன் வைத்து முறையாகப் படித்தவருக்கு அது பொருந்தாது, அவருக்கு ‘லேர்ன்ட்’ போதும். காய்ச்சலைத் தொற்றிக்கொள்வதற்கும் இதே வினைதான். மார்கழிக் கச்சேரியில் வீணையோடு மின்விசிறிச் சத்தத்தையும் மைக் சேர்த்து வாங்கினால், அதுவும் ‘பிக்கிங் அப்’ தான்.

செயப்படுபொருள் இல்லாமல் வரும் பயன்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தீபாவளிக்கு முன் தி.நகரில் வியாபாரம் சூடுபிடித்தது என்பதை ‘சேல்ஸ் பிக்ட் அப்’ என்று எழுத வேண்டும். ‘சேல்ஸ் வேர் பிக்ட் அப்’ என்றால் யாரோ விற்பனையைக் கையால் தூக்கிச் சென்றதுபோல் ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று வலுத்தால் ‘தி விண்ட் பிக்ட் அப்’. பாதியில் நின்ற பேச்சை மறுநாள் தொடர்ந்தால் ‘வி பிக்ட் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்’. தமிழில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம் என்கிறோமே, அதற்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘தி போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்று செய்தித்தாளில் வந்தால், போலீசார் அவரை விசாரணைக்குப் பிடித்துச் சென்றார்கள் என்று பொருள். யாரும் அவரை வீட்டில் இறக்கிவிடவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துக் காதல் நோக்கத்தோடு பழகுவதற்கும் இதே வினை வழக்கில் இருப்பதால், அலுவலக மின்னஞ்சலில் ஒரு பெண்ணை அழைத்து வந்ததைக் குறிப்பிடும்போது ‘ஃப்ரம் தி ஏர்போர்ட்’ என்று இடத்தையும் சேர்த்து எழுதிவிடுவது பாதுகாப்பு.

உச்சரிப்பில், பெயர்ச்சொல்லான ‘பிக்கப்’புக்கு அழுத்தம் முதல் அசையில் விழும், வினையில் அது ‘அப்’பின் மேல் விழும். எழுதும்போது பெயர்ச்சொல்லை ஒரே சொல்லாகவோ நடுவில் சிறுகோடிட்டோ எழுதுவார்கள். வினை எப்போதும் இரண்டு சொற்கள். இறந்தகால விகுதி ‘பிக்’கோடுதான் சேரும் என்பதால் ‘பிக்கப்ட்’ என்று ஒரு வடிவம் ஆங்கிலத்தில் கிடையாது, டெலிவரி செயலிகளின் குறுஞ்செய்திகளில் அது எத்தனை முறை கண்ணில் பட்டாலும் சரி.