தினசரி ஓட்டும் காரில் லோயரிங் ஸ்பிரிங்: தேர்வும் மாட்டும் முறையும்

லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் மாட்டி, தினமும் ஓடுகிற காரை 25 முதல் 30 மி.மீ. வரை இறக்கலாம். 40 மி.மீ. தாண்டினால் ஒரிஜினல் ஷாக் அப்சார்பரோடு ஓட்டுவது சரிப்படாது. சக்கரம் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் வரை இருக்கும் இடம் எல்லாக் காரிலும் குறைவுதான். இறக்கும் ஒவ்வொரு மி.மீட்டரும் அந்த இடத்தைத்தான் தின்கிறது. அதை ஈடுகட்டவே லோயரிங் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள்.

உங்கள் காரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி, பிஸ்டன் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்டும் வரை கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமான ரோட்டில், வழக்கமான ஆட்களோடு சில நாள் ஓட்டுங்கள். டை எந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறதோ, அதற்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிமுனைக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. அது 20 மி.மீ. மட்டும் இருந்தால், 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை மறந்துவிடுங்கள்.

வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. டீசல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் முன்பக்க எடையைக் கூட்டுவதால் ஒரே மாடலுக்கே இரண்டு மூன்று பார்ட் நம்பர் இருக்கும். முன் ஆக்ஸில் தாங்கும் அதிகபட்ச எடையை ஸ்பிரிங்கின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு ப்ரோகிரசிவ் வகை தோதானது. அதில் நெருக்கமான சுற்றுகள் முதலில் அமுங்கி சின்ன மேடு பள்ளத்தை விழுங்கிக்கொள்ளும், பாரம் ஏறும்போது கடினமாகும். பழைய ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அறுத்த முனை இருக்கையில் (ஸ்பிரிங் அமரும் தட்டு) சரியாக உட்காராது. சூடு காட்டி இறக்கினாலோ எஃகின் பதமே போய்விடும்.

ஷாக் 70,000, 80,000 கி.மீ. ஓடியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கடினமான ஸ்பிரிங்கைத் தளர்ந்த ஷாக்கால் அடக்க முடியாது, ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி இரண்டு மூன்று தரம் ஆடும். டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாகம்), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை ஆகியவற்றையும் கையோடு வாங்கி வையுங்கள். ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) பிரிக்கும் வேலை ஒரு தரம் போதும்.

தொடங்குமுன் நான்கு சக்கரத்துக்கும் ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். துரு பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் அடித்து வையுங்கள். கார் ஜாக் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கை நம்பி அடியில் கை விடக் கூடாது.

முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்றால் வரிசை இது:

1. லிங்க் ராட், பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர் மூன்றையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிளை (சக்கர ஹப்பைத் தாங்கும் இரும்புப் பகுதி) ஜாக்கால் தாங்கிக்கொண்டு, கீழ் போல்ட்டுகள் இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மேலே உள்ள சின்ன நட்டுகளைக் கடைசியில் எடுங்கள், அந்த நேரம் ஸ்ட்ரட்டை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். நடுவில் உள்ள பெரிய நட்டை இப்போது தொடவே கூடாது.

2. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியையும் எதிரெதிரே மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் சுழலும் நிலை வந்த பிறகே நடு நட்டைக் கழற்றலாம். அமுங்கிய ஸ்பிரிங் பறந்தால் எலும்பை உடைக்கும், முகத்தை நேரே காட்டாதீர்கள். நடு நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம், ராடு சுழன்றால் உள் சீல் கெடும். அலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்புங்கள்.

3. புது ஸ்பிரிங்கில் அச்சடித்த எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்கட்டும். கீழ் முனை இருக்கையின் படியில் போய் முட்ட வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் ஸ்டியரிங் திருப்பும்போது ‘டங்’ என்று சத்தம் வரும். பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த தாளில் இருந்தால் மட்டும், அது சொல்லும் அளவுக்கு வெட்டுங்கள்.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்றால் சுலபம். பீமை ஜாக்கால் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியதை மாட்டியபின் பீமை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஸ்பிரிங் இருக்கையில் தளராமல் நிற்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) விஷயத்தில். சக்கரம் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் உட்கார்ந்ததும் அது எந்நேரமும் முறுக்கிக் கிடந்து சில மாதத்தில் கிழியும். ஆகவே ஆர்ம், பீம் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, காரின் எடை சக்கரத்தில் இறங்கியபின் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய விசை அளவு) இறுக்குங்கள்.

முதல் சில நூறு கி.மீ. ஓட்டத்தில் ஸ்பிரிங் இன்னும் சில மி.மீ. அமரும். 100 கி.மீ. போனதும் எல்லா போல்ட்டையும் ஒரு தரம் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வீல் அலைன்மென்ட்டை மாட்டிய உடனே ஒருமுறை, ஸ்பிரிங் அமர்ந்தபின் ஒருமுறை செய்யுங்கள். இறக்கியதும் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) உள்ளே சாய்வதைக் கண்டு பயப்படுவார்கள். ஆனால் டயரை வேகமாகத் தின்பது டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) விலகல்தான். கேம்பர் ஒரு டிகிரி அளவில் மாறினாலும் டோ சரியாக இருந்தால் டயர் தாக்குப்பிடிக்கும்.

முன்பின் உயரம் சமமாகக் குறையாவிட்டால் ஹெட்லைட் கோணமும் மாறும், திருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் அதற்கும் கேலிபிரேஷன் (அளவை மறுபடி சரிசெய்தல்) தேவைப்படலாம்.